நனைந்த துணியும் உலர்த்தும் யந்திரமும்

வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்ததும், அந்த ஒரே நாளில் மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டரும் திண்டிவனத்தில் 30 சென்டிமீட்டருக்கு மேலும் மழை கொட்டியதும், அதனைத் தொடர்ந்து தென்பெண்ணை பெருகி விழுப்புரம் வட்டாரத்துக் கிராமங்களுள் புகுந்ததும் நம் மாவட்டத்தார் எளிதில் மறக்கக்கூடியவை அல்ல. வீடு இடிந்ததற்கும், பயிர் மூழ்கியதற்கும், ஆடு மாடு மாண்டதற்கும் கணக்கெடுக்க நம்மிடம் படிவங்கள் உண்டு. நனைந்த துணிக்குப் படிவம் கிடையாது. ஆயினும், பள்ளிக்கூடங்களில் தங்கவைக்கப்பட்டிருந்த தாய்மார்கள் சாப்பாட்டுக்கு அடுத்தபடியாக என்னிடம் கேட்டது, குழந்தைக்குப் போர்த்த உலர்ந்த துணி ஒன்று கிடைக்குமா என்பதைத்தான். சோற்றுக்கு ஏற்பாடு செய்திருந்தோம், துணிக்குச் செய்யவில்லை.

அந்த மழைக்குப் பின்னர், எங்கள் ஒன்றியத்தின் இரண்டு ஊராட்சி மன்றங்கள் துணி உலர்த்தும் யந்திரம் ஒன்றை வாங்கலாமா என்று கேட்டு எழுதின. ஒரு விடுதிக் காப்பாளரும் அவ்வாறே கேட்டார். அவர்களுக்குத் தனித்தனியே சொன்னவற்றை ஒன்றாகச் சேர்த்து இங்கே எழுதுகின்றேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இரட்டைத் தொட்டி சலவை யந்திரத்தில் துணியைச் சுழற்றிப் பிழியும் சிறிய தொட்டியை நம் ஊர்களில் ‘டிரையர்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது உலர்த்துவதில்லை, பிழிகிறது. துணி ஈரமாகவே வெளிவருகிறது. உண்மையான உலர்த்தும் யந்திரம் வேறு. அதில் பெரிய உருளை ஒன்று மெதுவாகச் சுழல, துணிகள் மேலே தூக்கப்பட்டுக் கீழே விழுந்துகொண்டே இருக்கும். சூடாக்கப்பட்ட காற்று அவற்றின் ஊடே பாய்ந்து ஈரத்தை வாரிக்கொண்டு வெளியேறும். மாவட்ட மருத்துவமனைகள், தங்கும் விடுதிகள், ரயில்வே படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் நிலையங்கள் போன்ற இடங்களில் இத்தகைய யந்திரங்களைக் காணலாம். இக்கட்டுரையில் யந்திரம் என்பது இதனையே குறிக்கும்.

மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணி மூன்று நாளாகியும் உலராததன் காரணம் யாதெனில், காற்று ஏற்கெனவே நீராவியால் நிறைந்திருப்பதே. 28 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 27 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதே காற்றை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் 130 கிராம் வரை தாங்கும். வெளியில் அடைமழை பெய்துகொண்டிருந்தாலும் யந்திரத்தினுள் துணி உலர்ந்துவிடுவதன் இரகசியம் இவ்வளவே. இதனைப் புரிந்துகொண்டவர்கள் மற்றொன்றையும் உடனே புரிந்துகொள்வர்: அந்த ஈரக் காற்று அறையை விட்டு வெளியே போயாக வேண்டும். மூடிய அறையில் யந்திரத்தை வைத்து, வெளிப்போக்குக் குழாயையும் அறைக்குள்ளேயே விட்டுவிட்டால், யந்திரம் தான் வெளியேற்றிய ஈரத்தையே மீண்டும் உறிஞ்சிக்கொண்டு மின்சாரத்தை விரயம் செய்யும்.

செலவுக் கணக்கு

ஒரு கிலோ நீரை ஆவியாக்குவதற்கு இயற்கை விதிப்படியே ஏறத்தாழ 0.65 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வேண்டும். யந்திரத்தில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் சாதாரண யந்திரம் ஒரு கிலோ நீருக்கு ஒரு யூனிட் அளவில் எடுத்துக்கொள்ளும் என்று வைத்துக்கொள்ளலாம். வெப்ப ஏற்றி எனப்படும் முறையில் இயங்கும் புதுவகை யந்திரங்கள் வெளியேறும் வெப்பத்தையே திரும்பப் பயன்படுத்துவதால் இதில் பாதியோ அதற்குக் குறைவாகவோ செலவழிக்கும். விலை மட்டும் கூடுதல்.

ஐம்பது மாணவர் தங்கும் விடுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு போர்வை. ஒரு போர்வை ஒன்றரை கிலோ. மொத்தம் 75 கிலோ துணி. கையால் முறுக்கிப் பிழிந்த பருத்தித் துணியில் அதன் எடைக்குச் சற்றேறக்குறைய ஈடான நீர் தங்கியிருக்கும். அதாவது 75 கிலோ நீர். நன்றாகச் சுழலும் யந்திரத்தில் பிழிந்தால் துணியின் எடையில் 60 சதவிகித நீரே மிஞ்சும். அதாவது 45 கிலோ. ஆகவே சுழற்றிப் பிழிவதனால் மட்டும் 30 யூனிட் மிச்சமாகிறது. பிழிவதற்கு ஆகும் மின்சாரமோ அற்பம். இதனால்தான், உலர்த்தும் யந்திரம் கேட்டு எழுதிய இரு மன்றங்களுள் ஒன்றுக்கு, முதலில் நல்ல பிழியும் யந்திரம் ஒன்றை வாங்குங்கள், மற்றதைப் பின்னர்ப் பார்க்கலாம் என்று பதில் எழுதினேன். ஆண்டில் எட்டு மாதம் வெயில் காயும் ஊரில், தனி வீட்டாருக்கு உலர்த்தும் யந்திரம் தேவையே இல்லை என்பது என் துணிபு. மாணவர் விடுதி, ஆரம்ப சுகாதார நிலையம், புயல் பாதுகாப்பு மையம், சலவைத் தொழிலை மேற்கொண்டுள்ள மகளிர் குழு ஆகியோருக்கே அது பயன்படும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அவர்களுக்கு அது உண்மையாகவே பயன்படும்.

துணிக்குத் துணி வேறுபாடு

யந்திரத்தினுள் எல்லாத் துணியையும் ஒன்றாகத் திணிப்பதுதான் பெரும்பாலான நஷ்டங்களுக்குக் காரணம். வாங்கிய ஆடையின் உட்புறம் தைக்கப்பட்டிருக்கும் சிறு துணுக்கில், சதுரத்தினுள் ஒரு வட்டம் அச்சிட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதுவே யந்திரத்தில் உலர்த்துவதைப் பற்றிய குறி. வட்டத்தினுள் ஒரு புள்ளி இருந்தால் வெளியேறும் காற்றின் உஷ்ணம் 60 டிகிரிக்கு மேற்படலாகாது. இரு புள்ளிகள் இருந்தால் 80 டிகிரி வரை செல்லலாம். குறுக்கே கோடிட்டு அடித்திருந்தால் அத்துணியை யந்திரத்தில் இடவே கூடாது. நம் கைத்தறி வேட்டியிலும் துண்டிலும் இக்குறிகளைப் பெரும்பாலும் காண இயலாதாகையால், நூலின் தன்மையை அறிந்தே நடக்க வேண்டும்.

பருத்தி அதிக உஷ்ணத்தைத் தாங்கும். துண்டு, படுக்கை விரிப்பு, தலையணை உறை ஆகியவற்றை 80 டிகிரியில் தாராளமாக உலர்த்தலாம். ஆனால் தறியில் இழுத்து நெய்யப்பட்ட நூல் நீரிலும் சுழற்சியிலும் தளர்ந்து பழைய நிலைக்குச் சுருங்கும். புதுக் கைத்தறித் துணி முதல் இரண்டு மூன்று முறை நன்றாகவே சுருங்கும். பருத்தியை எலும்பாகக் காயவிடுவதும் தவறு. இயல்பாகவே பருத்தி தன் எடையில் எட்டு சதவிகித அளவு ஈரத்தை வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தையும் விரட்டினால் துணி முரடாகி, இழைகள் உதிர்ந்து, ஆயுள் குறையும். யந்திரத்தின் சல்லடையில் சேரும் பஞ்சு வேறொன்றுமில்லை, உங்கள் துணியேதான்.

பாலியஸ்டர் கலந்த சட்டை, பள்ளிச் சீருடை, சேலை ஆகியன மிகக் குறைந்த நீரையே ஏற்பதால் விரைவில் உலரும். 70, 80 டிகிரியில் அந்த இழை இளகத் தொடங்கும். அந்நிலையில் யந்திரத்தை நிறுத்திக் குவியலாக விட்டால் விழுந்த மடிப்புகள் அப்படியே நிலைத்துவிடும். பிறகு இஸ்திரிப் பெட்டியாலும் எளிதில் போக்க முடியாது. ஆதலின் குறைந்த உஷ்ணத்தில் உலர்த்தி, கடைசிப் பத்து நிமிஷம் சூடில்லாத காற்றில் சுழலவிட்டு, உடனே எடுத்து உதறி மடிக்க வேண்டும். நிவாரணத்துக்கு வழங்கப்படும் மலிவான செயற்கை இழைப் போர்வைகளுக்கும் இதுவே முறை.

கம்பளியின் சங்கதி வேறு. கம்பளி இழையின் மேல் மீன் செதில் போன்ற நுண்ணிய செதில்கள் உள்ளன. ஈரமும் சூடும் உராய்வும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு, போர்வை கெட்டியாகிக் குறுகிவிடும்; மீண்டும் விரியாது. பட்டுக்கும் ஜரிகைக்கும் யந்திரம் ஆகாது என்பதை நம் பெண்மணிகளுக்குச் சொல்லவே வேண்டியதில்லை.

எட்டு முழ வேட்டியும் ஐந்தரை மீட்டர்ச் சேலையும் வேறு வகையில் தொல்லை தருபவை. உருளை சுழலும்போது அவை கயிறாக முறுக்கிக்கொண்டு, மற்றத் துணிகளையும் உள்ளே சுற்றிப் பந்தாக்கிக்கொள்ளும். வெளிப்புறம் காய்ந்து கருகும் நிலையிலும் உட்புறம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். நீண்ட துணிகளை ஒரு முறைக்கு மூன்று நான்குக்கு மேல் இடாமல், பாதி நேரத்தில் நிறுத்தி, பிரித்து உதறி மீண்டும் இட வேண்டும். உருளையில் பாதிக்கு மேல் எதனையும் நிரப்பலாகாது. துணி விழுவதற்கு இடமிருந்தால்தான் காற்று ஊடே செல்லும்.

யந்திரத்தில் ஒருபோதும் இடக்கூடாதவையும் சில உண்டு. ரப்பர் விரிப்பு, ரப்பர் நுரைத் தலையணை, பிளாஸ்டிக் பூசிய துணி, உர மூட்டைச் சாக்கு ஆகியன உருகவோ தீப்பிடிக்கவோ செய்யும். இலவம் பஞ்சு மெத்தையும் ஆகாது. இலவம் பஞ்சு எளிதில் தீப்பற்றுவது. வெள்ளத்தில் நனைந்த மெத்தையைத் தையல் பிரித்து, பஞ்சை வெயிலில் பரப்பி உலர்த்திப் பின் அடித்துத் திணிப்பதே வழி. சாக்கடை நீர் புகுந்திருந்தால் மெத்தையை விட்டுவிடுவதே மேல். மருந்தூட்டப்பட்ட கொசுவலையை யந்திரத்திலும் இடக்கூடாது, கடும் வெயிலிலும் போடக்கூடாது. நிழலில் உலர்த்தினால்தான் மருந்து நிற்கும்.

மரக்காணத்து உப்பளங்களில் வேலை செய்வோரும் கடலோர மீனவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உவர் நீரில் நனைந்த துணியை அப்படியே உலர்த்தினால், அதில் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து மறுநாளே துணியை நமுக்கச் செய்யும். நல்ல நீரில் இருமுறை அலசாமல் எந்த யந்திரத்தில் உலர்த்தியும் பிரயோஜனமில்லை. வெள்ளச் சேறு படிந்த துணிக்கும் இது பொருந்தும்.

எண்ணெய்த் துணியின் அபாயம்

இனிச் சொல்லப்போவது நம் வட்டாரத்துக்கு மிக முக்கியமானது. திண்டிவனம் எண்ணெய் வித்துக்களுக்குப் பேர்போன ஊர். 1940-இல் வெளியிடப்பட்ட டி.எம்.வி. 2 நிலக்கடலை இரகத்தின் பெயரில் உள்ள மூன்றெழுத்தும் திண்டிவனத்தைக் குறிப்பதே. ஊர்தோறும் செக்கு உண்டு. எண்ணெய் துடைத்த துணியும் உண்டு.

கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் மெதுவாகச் சேரும் தன்மை உடையவை. அவ்வாறு சேரும்போது வெப்பம் பிறக்கிறது. துணி விரிந்து கிடந்தால் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். சூடான துணிகளைக் குவித்துவைத்தால், பிறந்த வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளே தேங்கும். தேங்கிய வெப்பம் அச்சேர்க்கையை விரைவுபடுத்தும். மேலும் வெப்பம் பிறக்கும். முடிவில் எவரும் நெருப்பு வைக்காமலே குவியல் தானாகப் பற்றிக்கொள்ளும். உலர்த்தி எடுத்துச் சில மணி நேரம் கழித்தே இது நிகழ்வதால், பெரும்பாலும் ஆள் இல்லாத இரவு வேளையாக இருக்கும். ஒருமுறை துவைத்தால் எண்ணெய் முழுதும் போய்விடும் என்று நம்புவதற்கில்லை. ஆளி விதை எண்ணெய்க்கு இந்த ஆபத்து மிகுதி. தேங்காய் எண்ணெய்க்கு மிகக் குறைவு. நம் கடலையும் எள்ளும் இடைநிலையில் உள்ளன.

நானே ஒரு முறை கண்டேன். ஒரு விடுதியில் சமையலறைத் துணிகளைத் துவைத்து, யந்திரத்தில் உலர்த்தி, மாலையில் சூட்டோடு மூங்கில் கூடையில் அமுக்கி வைத்துச் சென்றிருந்தனர். இரவு பத்து மணிக்கு ஏதோ தீய்ந்த வாடை வருகிறது என்று காவலாளி கூடையைக் கவிழ்த்தபோது, மேல் துணிகள் வெள்ளையாகவே இருந்தன. நடுவிலிருந்தவை கருகிப் புகைந்துகொண்டிருந்தன. காவலாளியின் மூக்கு அன்று விடுதியைக் காப்பாற்றியது. அடுத்த அறையில் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்தனர். அன்று முதல் எங்கள் ஒன்றியத்தில், சமையலறைத் துணி, செக்குத் துணி, கோயில் விளக்குத் துடைக்கும் துணி, எண்ணெய் தேய்த்துக் குளித்த துண்டு ஆகியன கொடியில் மட்டுமே உலர வேண்டும் என்று சொல்லி வருகின்றேன். மண்ணெண்ணெய், பெட்ரோல், பெயிண்டுக் கரைப்பான் பட்ட துணிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பஞ்சுத் துகளால் விளையும் தீயும் குறைவன்று. வீட்டுக்கு வீடு இந்த யந்திரம் உள்ள அமெரிக்காவில், 2008 முதல் 2010 வரை ஆண்டுக்குச் சராசரி 2,900 வீட்டுத் தீ விபத்துகள் இதனால் நேர்ந்தன என்றும், அவற்றில் 34 சதவிகிதத்துக்கு யந்திரத்தைச் சுத்தம் செய்யாமையே காரணம் என்றும் அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் கணக்கிட்டது. ஒவ்வொரு முறை துணி எடுத்ததும் சல்லடையைத் துடைத்துவிட வேண்டும். மாதம் ஒரு முறை வெளிப்போக்குக் குழாயைக் கழற்றித் தட்ட வேண்டும். குழாய் உலோகத்தால் ஆனதாயும், குட்டையாயும், வளைவு குறைந்ததாயும் இருத்தல் நலம். பிளாஸ்டிக் குழாய் வேண்டாம். துணியை இடுமுன் பைகளைத் தடவிப் பார்த்துத் தீப்பெட்டியும் பீடியும் இல்லை என்பதை உறுதி செய்துகொள்க.

மின்சார இணைப்பைக் குறித்துச் சுருக்கமாகச் சொல்வேன். வீட்டு அளவு யந்திரமே 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கக்கூடியது. அதற்குத் தனிக் கம்பி இழுத்து, 16 ஆம்பியர் மூன்று துளைப் பிளக்கும், சரியான எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுத் தடுப்பானும் பொருத்த வேண்டும். நீட்டிப்புப் பெட்டியில் சொருகி ஓட்டுவது கம்பியை உருக்கும். வெள்ள நீர் ஏறிய யந்திரத்தை மின் பணியாளர் சோதிக்கும் வரை இயக்கவே கூடாது. யந்திரம் இருக்கும் அறையைப் பூட்டி வைக்க வேண்டும். உருளைக்குள் ஒளிந்து விளையாடக் குழந்தைகளுக்கு ஆசை வரும். ஆள் இல்லாதபோதும் இரவு உறங்கும்போதும் இயக்குவது கூடாது.

சிரங்கு பரவும் விடுதிகளில்

உலர்த்தும் யந்திரத்துக்கு எதிராகவே இவ்வளவும் எழுதினேன் என்று எவரும் எண்ண வேண்டாம். விடுதிகளில் மழைக்காலந்தோறும் சொறி சிரங்கு பரவுகிறது. மருத்துவர் தரும் களிம்பைப் பூசியும் சில வாரங்களில் திரும்ப வருவதன் ஒரு காரணம், போர்வையிலும் விரிப்பிலும் தங்கும் நுண்ணிய பூச்சியே. 50 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் பத்து நிமிஷம் இருந்தால் அப்பூச்சியும் அதன் முட்டையும் மடியும். யந்திரம் இதனைத் தப்பாமல் செய்கிறது. மழை மாதத்தில் வெயில் செய்ய இயலாத காரியம் இது. விடுதிக் காப்பாளருக்கு நான் இசைவு தெரிவித்ததன் முதற்காரணமும் இதுவே. ஆனால் எல்லா மாணவரும் ஒரே நாளில் களிம்பு பூசி, அன்றே எல்லாருடைய விரிப்பும் போர்வையும் யந்திரத்தில் போக வேண்டும். பாதிப் பேருடையதைச் செய்தால் மீதிப் பேரிடமிருந்து திரும்பவும் தொற்றும். ஒரு தடவைக்கு ஐந்து கிலோ வீதம் 75 கிலோவுக்குப் பதினைந்து தடவை ஆகும். தடவைக்கு ஒரு மணி என்றால் பதினைந்து மணி நேரம். காலை ஐந்து மணிக்குத் தொடங்கினால் இரவு எட்டு மணிக்கு முடியும். ஆட்களை இரண்டு முறையாகப் பிரித்து நிறுத்திக்கொள்க.

யந்திரம் இல்லாத ஊர்கள் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. இத்தகைய துணிகளைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஒரு வாரம் வைத்தால் பூச்சி மனித உடலின்றித் தானே மடிந்துவிடும், பின்னர்த் துவைத்துக்கொள்ளலாம். நனைந்த துணியை உலர்த்த, இரு பக்கமும் ஜன்னல் உள்ள ஓர் அறையில், கூரையின் கீழ் ஒரு முழ இடைவெளியில் கொடிகள் கட்டி, ஒரு ஜன்னலில் காற்றை வெளித்தள்ளும் விசிறியைப் பொருத்தினால் போதும். ஈரத் துணியில் ஒன்றிரண்டு நாட்களில் பூஞ்சணம் பூக்கத் தொடங்கும். அதற்குள் காற்றோட்டத்தில் இட்டுவிட வேண்டும். கொச்சிக் கோட்டைப் பகுதியிலுள்ள தோபிகானாவில் பரம்பரையாகத் தொழில் செய்துவரும் தமிழ் வண்ணார் பெருமக்கள் கவ்வியே இல்லாமல் துணி காயவைக்கும் முறை இங்கும் கைக்கொள்ளத்தக்கது. இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டி, துணியின் நுனியை அம்முறுக்குகளுக்கு இடையே செருகிவிடுகின்றனர். துணி ஒரே மடிப்பாகத் தொங்குவதால் இருபுறமும் காற்றுப் படுகிறது. பலத்த காற்றிலும் விழுவதில்லை. நம் புயல் பாதுகாப்பு மையங்களின் தாழ்வாரங்களில் இத்தகைய கயிறுகளைக் கட்டுவதற்குச் செலவு சில நூறு ரூபாயே. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், புரட்டாசி மாதத்திலேயே கட்டிவிட்டால் நலம். மழை பிடித்த பிறகு கயிறு வாங்கக் கடை திறந்திராது.